நடுச்சுவர் வீட்டுத் தீ மணி

போன மாதம் கம்மாபுரத்திலிருந்து ஒருவர் கைப்பேசியில் கூப்பிட்டார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தீ எச்சரிக்கைக் கருவிக் கம்பெனியில் இப்போது சர்வீஸ் இன்ஜினியராக இருப்பவர்.

"மேடம், இங்க ஒரு பெரிய வூடு. எல்லாரும் ஒண்ணா இருக்காங்க. இப்ப ஒயரே இல்லாத சிஸ்டம் வந்திருக்கு. பொகை வந்தா வூட்ல இருக்கற எல்லார் போனுக்கும் போயிடும். அதைப் போடலாமா, பழையபடி ஒயர் இழுக்கலாமா? பெரிய வூடுன்னா ரெஜினா மேடத்தைக் கேளுன்னு மேனேஜர் சொன்னாரு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. அவர் கேட்டது எளிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்தார். நாங்கள் நாலு பிள்ளைகள். எல்லாரையும் படிக்க வைத்தார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, கருவிகளைப் பெட்டிக்குள் பொருத்தும் வேலைக்குத்தான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். பெண்கள் விடுதிக்கும் பிரசவ வார்டுக்கும் ஆண்களை அனுப்ப முடியாமல் ஒரு தடவை என்னை அனுப்பினார்கள். அப்புறம் நான் பெட்டிக்குத் திரும்பவே இல்லை. தொழிற்சாலை, மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று ஏணியோடு சுற்றியே வயது போய்விட்டது. வீடுகளுக்கு இந்தக் கருவி வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் கடைசியாகத்தான் வந்தது.

எனக்கு மேலதிகாரி கனி சார். லால்பேட்டைக்காரர். மெலிந்த உருவம், எப்போதும் முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் அவர் முதலில் கூரையைப் பார்க்க மாட்டார், கட்டில்களைப் பார்ப்பார். வீட்டுக்காரரிடம், "தப்பா நெனைக்காதீங்க, செத்த நேரம் படுத்துப் பாக்கணும்" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையணைமேல் விரித்து, கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அறைக் கதவைச் சாத்தச் சொல்வார். ஃபேனைப் போடச் சொல்வார். நான் வெளியே கூடத்தில், மணி வைக்கப்போகிற இடத்தில் நின்று, கையில் இருக்கிற மணியை அடிக்க வேண்டும். ஹூட்டர் என்று நாங்கள் சொல்வதைத்தான் மணி என்று எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எழுந்து வந்து, "கேக்குது, ஆனா எழுப்பல. உள்ள ஒண்ணு போடு" என்பார். அல்லது, "இது போதும்" என்பார். அந்த வீட்டில் எத்தனை கட்டில் உண்டோ அத்தனையிலும் படுத்து எழுந்த பிறகுதான் பேனாவை எடுப்பார். சில வீடுகளில் சிரித்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியே போகச் சொன்னார்கள். அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நான் சொல்ல வந்த சிதம்பரம் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டவர் தனபால். அரிசி மில்காரர். பக்கத்துத் தெருவில் ஒரு துணிக்கடைக் கிடங்கு எரிந்துபோயிருந்தது. பெங்களூரில் டாக்டராக இருக்கும் அவருடைய மகள், தேக்கு மரம் இவ்வளவு இருக்கிற வீட்டில் தீ மணி கட்டாயம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தாள்.

வீடு தெருவிலிருந்து பின்பக்கத் தெரு வரைக்கும் நீண்டிருந்தது. வாசலைத் தாண்டியதும் ஒரு முன்கூடம். அதன் முடிவில் அடுத்தடுத்து இரண்டு கதவுகள். இடதுபக்கக் கதவு தனபாலுடையது. வலதுபக்கக் கதவு அவருடைய தம்பி குணசேகரனுடையது. அந்த இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்து கொல்லை வரைக்கும் பூசாத செங்கல் சுவர் ஒன்று ஓடியது. அப்பா இறந்த பிறகு எழுப்பியது. முன்கூடம் யாருக்கு என்று கடலூர் கோர்ட்டில் இன்னும் முடிவாகாததால் அங்கே மட்டும் சுவர் வரவில்லை. இரண்டு வீட்டு வண்டிகளும் அங்கே ஆளுக்கொரு ஓரமாக நின்றன.

தனபாலின் கட்டிலில் படுத்திருந்த கனி சார் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. டார்ச்சை எடுத்து மேலே அடித்தார். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தேக்கு உத்தரங்கள் வரிசையாகச் சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் போயின. சுவர் உத்தரத்தின் அடிமட்டத்தோடு நின்றுவிட்டது. உத்தரங்களுக்கு நடுவே இருந்த சந்துகளை யாரும் அடைக்கவில்லை.

"இந்த உத்தரம் எங்க போயி முடியுதுங்க?"

"அந்தாண்ட" என்றார் தனபால்.

"அந்தாண்டன்னா?"

"பக்கத்து வூடு."

கனி சார் எழுந்து துண்டை மடித்தார். "ஐயா, சுவரு ரெண்டா இருக்கு, கூரை ஒண்ணாதான் இருக்கு. அந்தாண்ட புடிச்சா இங்க வந்துடும். இங்க புடிச்சா அங்க போயிடும். ரெண்டு பக்கமும் சேத்துப் போட்டாதான் பிரயோஜனம்."

"நீங்களே போயிக் கேட்டுக்கங்க" என்றார் தனபால். அடுப்பு எந்தப் பக்கம் என்று பார்க்க நான் உள்ளே போனேன். சமையலறையில் அவருடைய மனைவி கமலவேணி இருந்தார். அறுபது வயதிருக்கும். மூட்டு வலியால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு மோர் கொடுத்துவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தாண்டயும் போடுவீங்களாம்மா?"

"அவுங்க சம்மதிச்சாதான் முடியும்மா."

"சேகருகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. இவரு முன்னால சொல்லிடாதீங்க."

வலதுபக்கக் கதவில் குணசேகரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உரக்கடை வைத்திருந்தார். அண்ணனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கனி சார் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவரு வூட்டுக்கு மணி வேணும்னா என் வூட்ல எதுக்குங்க ஓட்டை போடணும்?" என்றார். கனி சார் மறுபடியும் உத்தரத்தைப் பற்றிச் சொன்னார். அவர் அசையவில்லை. நான் குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணி கேட்டாங்கன்னு சொல்லச் சொன்னாங்க சார்" என்றேன்.

கட்டியிருந்த கை அவிழ்ந்தது. சுவரை ஒரு முறை பார்த்தார். "எந்த ரூம்லேர்ந்து ஆரம்பிக்கறீங்க?" என்றார்.

அவருடைய மனைவி வசந்தாதான் பிறகு எனக்குச் சொன்னாள். கமலவேணி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது குணசேகரன் பள்ளிக்கூடப் பையன். தாய் இல்லாத பிள்ளை. சோறு போட்டு, தலை வாரி, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு வளர்த்தது அண்ணிதான். சுவர் எழும்பிய பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. தனபால் கூடாது என்று சொல்லியிருந்தார்.

எந்தக் கருவி என்பதை கனி சார்தான் முடிவு செய்தார். விலை குறைந்த வகையில், மணி அடித்தால் வீட்டின் எந்தப் பகுதி என்று மட்டும்தான் தெரியும். இன்னொரு வகையில் கூரையில் வைக்கிற ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனிப்பெயர் கொடுக்கலாம். எந்த அறையில் எது கூப்பிட்டது என்று சுவரில் மாட்டுகிற பேனல் பெட்டியின் திரையில் எழுத்தாகவே வந்துவிடும். "ரெண்டாவதைப் போடுவோம் ரெஜினா. இல்லன்னா நீதான் நாந்தான்னு ரெண்டு பேருக்கும் தகராறு ஜாஸ்தியாயிடும்" என்றார். சரியான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

வேலை நிதானமாக நடந்தது. படுக்கை அறைகளுக்கும் கூடங்களுக்கும் புகையை உணரும் டிடெக்டர். தாளிப்புப் புகைக்கு அடிக்கக் கூடாது என்று சமையலறைகளுக்குச் சூட்டை உணரும் வகை. ஃபேனுக்கும் ஏசிக்கும் எட்டத் தள்ளித்தான் எதையும் வைத்தோம். காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். தீயிலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிற சிவப்பு கேபிளை, பேனலில் தொடங்கி இரண்டு வீட்டையும் ஒரு சுற்று சுற்றி மறுபடியும் பேனலுக்கே கொண்டுவந்தோம். ஒரு இடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து வேலை செய்யும். உத்தரச் சந்து வழியாகத்தான் கேபிள் சுவரைத் தாண்டியது. பேனலை முன்கூடத்தில், இரண்டு கதவுக்கும் நடுவில் வைத்தோம். எந்த வீட்டில் புகை வந்தாலும் இரண்டு வீட்டு மணியும் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கமலவேணியின் கட்டிலில் கனி சார் படுக்கவில்லை. பொம்பளை கட்டில், நீ படு என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். நான் படுத்தேன். அந்தம்மா தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் மணி அடித்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"மெத்தை நல்லா இருக்கு."

"நான் மணியக் கேட்டேன்" என்று சொல்லி அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்தி ஏசி போட்டால் அந்த அறையில் மணி ஏதோ தெருவில் அடிப்பதுபோலத்தான் கேட்டது. அவர் மூட்டு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்குகிறவர். அதனால் அந்த அறைக்குள்ளேயே, கட்டிலுக்கு நேர் மேலே ஒரு மணி வைத்தோம்.

சோதனை செய்த நாளில் இரண்டு குடும்பமும் முன்கூடத்தில் நின்றது. ஆளுக்கொரு ஓரம். நான் நீளக் கழியின் முனையில் புகை தெளிக்கிற குப்பியைப் பொருத்தி, ஒவ்வொரு டிடெக்டருக்கும் காட்டிக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் மணி அலறியது. வசந்தாவின் பெண் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கமலவேணி அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. நான் அமைத்ததிலேயே ஒழுங்கான வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமைதோறும் வசந்தா சாம்பிராணிச் சட்டியை அறை அறையாகக் கொண்டுபோவாள். முதல் வெள்ளியே மணி அடித்தது. போய் டிடெக்டரின் இடத்தை மாற்றிக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்சம் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. எந்த வீட்டிலும் ஆரம்பத்தில் இது உண்டு. நாளடைவில் அவர்களே சட்டியை எங்கே நிறுத்துவது என்று பழகிக்கொள்வார்கள். இந்த வீட்டில் நடந்தது வேறு.

மணி அடித்தவுடன் தனபால் முன்கூடத்துக்கு வந்து பேனலைக் கைப்பேசியில் படம் எடுப்பார். அதில் "குணசேகரன் கூடம்" என்று எழுத்து ஓடும். தகராறு வரக் கூடாது என்று நாங்கள் கொடுத்த பெயர் அது. அந்தப் படங்களைக் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்தார். தம்பி வேண்டுமென்றே தொந்தரவு செய்கிறான் என்பதற்கு அத்தாட்சியாம். மணி அடித்த விவரம் முழுவதையும் பேனலிலிருந்து எடுத்துத் தரும்படி வக்கீலின் குமாஸ்தா கடலூரில் எங்கள் ஆபீசுக்கே வந்து கேட்டார். கனி சார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "அது உசுரக் காப்பாத்தறதுக்கு வச்சதுங்க, சாட்சி சொல்றதுக்கு இல்ல" என்று அனுப்பிவைத்தார்.

இன்னொன்றும் நடந்தது. அதை நானே ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். கமலவேணியின் சமையலறையில் இருந்தேன். மணி அடித்தது. உடனே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குணசேகரனின் குரல், யாரையும் பேர் சொல்லாமல், "ஒண்ணுமில்ல, சாம்பிராணிதான்" என்று உத்தரச் சந்து வழியாக வந்தது. அந்தம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லிடறாரும்மா. நான் பயந்துக்குவேன்னு" என்றார். பிறகு மெதுவாக, "அந்த மணிய நிறுத்திடாதீங்க" என்றார்.

தனபாலுக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கும். அடுத்த மாதம் எங்களைக் கூப்பிட்டு, இரண்டு வீட்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்.

கனி சார் அவர் எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "சாம்பிராணி நேரத்துல மட்டும் அந்தக் கூடத்தை நிறுத்திவச்சுக்கற மாதிரி பண்ணித் தரேங்க. சத்தத்தைக் கொறைச்சுத் தரேன். பேனல்ல பேரை எடுத்துட்டு நம்பர் போட்டுடறேன். பிரிக்க மட்டும் சொல்லாதீங்க."

"அவன் வூட்டுச் சத்தம் என் வூட்ல கேக்கக் கூடாது. என் வூட்டுச் சத்தம் அவனுக்குப் போவக் கூடாது. அவ்வளோதான்."

"உங்க வூட்ல யாரும் இல்லாதப்ப எதனா ஒண்ணுன்னா, ஓடி வர்றதுக்கு அவரு ஒருத்தருதாங்க இருக்காரு."

"வேணாம். எரிஞ்சாலும் அவன் வரவேணாம்."

கமலவேணி சமையலறைக் கதவருகில் நின்றிருந்தார். கனி சார் எழுந்தார். "நான் பிரிச்சுத் தர மாட்டேங்க. வேற ஆளு வச்சுச் செய்யாதீங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி, உண்மையாகவே கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

தனபால் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துப் பிரித்துக்கொண்டார். சிவப்பு கேபிளைச் சுவர் ஓரமாக வெட்டி, தன் வீட்டுக்குள் ஒரு சின்னப் பேனலை வைத்தார். கூடத்தில் ஒரு மணி மட்டும் போதும் என்றார். அதற்கு வீட்டுக்கு இழுக்கிற சாதாரண ஒயரை, மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டருக்கு மேலாகவே கொண்டுபோயிருந்தார்கள். அறைக்குள் இருந்த மணி பேசாமல் கட்டிலுக்கு மேலே தொங்கியது. இதையெல்லாம் நான் பார்த்தது பிறகுதான்.

பிரித்த வாரத்தில் எலக்ட்ரீஷியன் சோதிக்கும்போது மணி அடித்திருக்கிறது. குணசேகரன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து இடதுபக்கக் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தது தனபால். "என் வூட்டு மணி அடிச்சா உனக்கென்னடா? வேவு பாக்க வந்தியா?" என்று தெரு கேட்கக் கத்தியிருக்கிறார்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து ஒரு நாள், பாகப்பிரிவினைக் கேஸ் கடலூரில் விசாரணைக்கு வந்தது. தனபால் காலையிலேயே கிளம்பிவிட்டார். குணசேகரனுக்குப் பதில் அவருடைய வக்கீல் போனதால் அவர் வீட்டில் இருந்தார். வசந்தா பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். கமலவேணி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுப் படுத்துவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரியில் தீ பிடித்தது.

கூடத்தில் மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குணசேகரனுக்கு அது கேட்டது. அவர் எழுந்து முன்கூடத்துக்கு வந்தார். இடதுபக்கக் கதவு உள்தாழ் போட்டிருந்தது. தட்டக் கை ஓங்கிவிட்டு நின்றார். அண்ணன் ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அண்ணி ஏதாவது சொல்வாரா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் ஏதாவது தீய்ந்திருக்கும், தட்டினால் சாயங்காலம் அண்ணிக்குத்தான் திட்டு விழும் என்று நினைத்தார். அப்படி அவர் நின்றுகொண்டிருக்கும்போதே மணி நின்றது. சரி, அண்ணி எழுந்து நிறுத்திவிட்டார் என்று நினைத்துத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

ஓட்டுச் சந்து வழியாகப் புகை வருவதைத் தெருவில் போனவர்கள்தான் பார்த்துக் கத்தினார்கள். கதவை உடைத்தது குணசேகரன். புகைக்குள் போய் அண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். கமலவேணியின் உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. தூக்கத்தில் இருந்தவர் அப்படியே இருந்தார், மூச்சு மட்டும் இல்லை. மருத்துவமனை வரை போகவே தேவையில்லை என்று ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து உத்தரங்களைக் காப்பாற்றியது. அந்தாண்ட வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்தி கேட்டு மறுநாள் நானும் கனி சாரும் போனோம். முன்கூடத்தில் எடுத்துப் போடப்பட்ட நாற்காலிகள். தனபால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கனி சார் கூடம் வரை வந்தார். மாடிப்படிக்குக் கீழே கரியாகிக் கிடந்ததைப் பார்த்தார். அந்தம்மாவின் அறை வாசலில் நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. நான் போனேன். கட்டிலில் மெத்தை இருந்தது. மேலே எங்கள் மணி இருந்தது. அதன் ஒயர் வெட்டிய இடத்தில் ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள்.

வெளியே வரும்போது குணசேகரன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கை முழுக்கக் கட்டு.

"மேடம், உங்களுக்குத் தெரியும். அந்த மணி தானா நின்னுச்சா, அண்ணி நிறுத்துனாங்களா?"

எனக்கு அவர் கேட்பது புரிந்தது. அண்ணிதான் நிறுத்தினார் என்றால், அவர் விழித்திருந்திருக்கிறார், ஒருவேளை கூப்பிட்டும் இருக்கிறார், இவர் காதில் விழவில்லை. தானாக நின்றது என்றால் வேறொன்று. இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்கு ஆறுதல் இல்லை. மனசறியப் பொய் சொல்லவும் எனக்கு அன்றைக்கு வரவில்லை.

"ஒயர் எரிஞ்சு நின்னிருக்குது சார். அவுங்க எழுந்திருக்கல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப நான் கதவுகிட்ட நின்னப்ப உசுரோட இருந்திருப்பாங்க" என்றார். அது கேள்வி மாதிரி இல்லை. வசந்தா வந்து அவரை உள்ளே கூட்டிப்போனாள்.

கனி சார் அதற்கப்புறம் வீடுகளுக்கு வருவதை விட்டுவிட்டார். ஆபீசிலேயே உட்கார்ந்து வரைபடம் பார்த்தார். ஓய்வு பெற்று லால்பேட்டைக்குப் போனார். பெருநாளுக்குப் போன் செய்தால் பேரப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார். அந்த வீட்டைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

ஒரு வருடம் கழித்து தனபால் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். அன்றைக்கும் கோர்ட்டில் வாய்தா. ஆள் பாதியாகியிருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. மகள் பெங்களூருக்குக் கூப்பிட்டும் போகாமல், கரி படிந்த அந்த வீட்டில் தனியாக இருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பழையபடி போட்டுக் குடுங்க மேடம். ரெண்டு வூட்டையும் சேத்து."

"உங்க பக்கம் நீங்க ஒருத்தருதான சார் இருக்கீங்க."

"எனக்கில்ல. அந்தாண்ட பொண்ணுங்க ரெண்டும் இருக்குது. எதனா ஒண்ணுன்னா எனக்குத் தெரியணும் இல்ல." டம்ளரை மேசைமேல் வைத்தார். "நான் கேட்டா அவன் ஒத்துக்க மாட்டான். நீங்க போயிச் சொல்லுங்க. முன்ன நீங்க சொல்லித்தான் ஒத்துக்கிட்டான்."

முன்பு தம்பி ஒத்துக்கொண்டது யாருக்காக என்பது தனபாலுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சிதம்பரம் போனேன். மத்தியான நேரம். முதலில் வலதுபக்கக் கதவைத் தட்டினேன். குணசேகரன் கதவை முழுக்கத் திறக்கவில்லை. கூடத்துக் கூரையில் டிடெக்டர் இருந்த இடம் வெறும் வட்டமாகத் தெரிந்தது. அவரே கழற்றிவிட்டிருந்தார்.

"எங்க வூட்ல மணி வேணாம் மேடம். எதுக்கும் அடிக்க வேணாம். ஸ்கூல்ல பெல் அடிச்சாவே என்னால நிக்க முடியல."

"பொண்ணுங்களுக்காகன்னு சொல்றாரு சார்."

"அந்தாளு பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார். அவருக்குப் பின்னால் வசந்தா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். கதவு சாத்தப்பட்டது.

நாலு எட்டு வைத்து இடதுபக்கக் கதவுக்குப் போனேன். தட்டும் முன்பே திறந்தது. தனபால் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும்.

"இப்ப வேணாம்னு சொல்றாரு சார். கொஞ்ச நாள் போவட்டும்."

"ம்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எப்படிச் சொன்னான்? என்னைய என்னன்னு சொன்னான்?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து வேறொன்றும் சொல்ல வரவில்லை. "'அண்ணன்கிட்ட சொல்லிடுங்க'ன்னு சொன்னாரு சார்" என்றேன்.

அவருடைய கை கதவு நிலையிலிருந்து இறங்கியது.

"அவன் ஒருநாளும் என்னைய அண்ணன்னு சொன்னதில்லம்மா" என்றார். "சின்னதுலேர்ந்து அண்ணாத்தன்னுதான் கூப்புடுவான்."

வெயிலில் வந்திருக்கிறீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். வேண்டாம் என்றேன். கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டார்.